இறகினாற் செய்த ஈ

மீன் பிடிப்போரிற் பல வகையினர் உளர். வலை வீசுவோர் ஒரு வகை. கூடு வைப்போர் இன்னொரு வகை. தூண்டில் போடுவோர் மற்றொரு வகை. நமது கடற்கரைகளிலும் குளக்கரைகளிலும் தூண்டில் போடுவோர், முள்ளிலே மண்புழுவையோ இறாலையோ கோத்து நீரில் விடுவதையே நாம் கண்டிருக்கிறோம். மீனுக்குப் பசி, மனிதன் உணவைக் காட்டுகிறான், மீன் அகப்படுகிறது. இதில் விளங்காதது ஒன்றுமில்லை.

ஆனால், உண்ணத்தக்க பொருள் எதனையும் முள்ளில் வையாமலே மீன் பிடிக்கும் முறையொன்று மேனாடுகளில் உண்டு. சேவலின் கழுத்திறகு ஒன்று, முயலின் உரோமம் சிறிது, பட்டு நூல் ஒரு முழம் ஆகிய இவற்றை நெல்மணியளவான முள்ளொன்றிற் சுற்றிக் கட்டி, பூச்சியொன்றின் சாயலை உண்டாக்கி, அதனை நீரின்மேல் மெல்ல இறக்குகிறார்கள். மீன் அதனைப் பூச்சியென்று எண்ணி வாய் திறக்கிறது. இவ்வாறு கட்டப்படும் பொருளைச் செயற்கை ஈ என்பர். கனமேயில்லாத இவ்வீயைத் தூர எறிவது எவ்வாறு என்று வாசகர்கள் வினவக்கூடும். இம்முறையிற் கனமுள்ளது கயிறே. நீண்டு வளையும் கோலினாற் கயிற்றை முன்னும் பின்னும் வீச, அதன் நுனியிலே மெல்லிய தங்கூசியிற் கட்டப்பட்ட ஈயும் கயிற்றைத் தொடர்ந்து செல்கிறது.

ஈத்தூண்டிற் கடையொன்றினுள் நுழைந்தால் நூற்றுக்கணக்கான ஈக்கள் அறை அறையாகப் பிரித்த பெட்டிகளில் அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். பொன்னிறம், செந்நிறம், மயில்நிறம் என்று அவை கண்ணைப் பறிக்கும். முதன்முதலாக வாங்க வந்தவர் அழகானவற்றைப் பொறுக்கிக்கொண்டு போவார். மறுநாள் ஆற்றிலே மீன்கள் துள்ளித் துள்ளி இரை தின்னும். அவருடைய ஈயை மட்டும் திரும்பியும் பாரா. அவர் செய்த பிழை என்ன? தமக்குப் பிடித்ததை வாங்கினாரேயன்றி, மீன் எதனைத் தின்கிறது என்று பார்த்து வாங்கினாரில்லை. ஈயைத் தெரிவு செய்யும் வேலை கடையில் ஆரம்பமாவதன்று. அஃது ஆற்றங்கரையில் ஆரம்பமாவது.

பழமையான தந்திரம்

இத்தந்திரம் நேற்று வந்ததன்று. கி. பி. 200ஆம் ஆண்டளவில் உரோமாபுரியில் வாழ்ந்து கிரேக்க மொழியில் எழுதிய ஏலியன் என்பவர், விலங்குகளின் இயல்புகள்பற்றிய தமது நூலிலே, மசிடோனியா நாட்டு ஆறொன்றில் நடக்கும் விநோதத்தை விவரிக்கிறார். அவ்வாற்றில் உடலிற் புள்ளிகளையுடைய மீன்கள் வாழ்கின்றன. நீரின்மேற் பறக்கும் ஒருவகை ஈக்களை அவை விரும்பி உண்கின்றன. ஆனால் அவ்வீக்களை மனிதர் கையாற் பிடித்தால் நிறம் மங்கிச் சிறகு வாடிவிடுகின்றன. பின்னர் மீன் அவற்றைத் தொடுவதில்லை. ஆகவே மீனவர்கள் செந்நிறக் கம்பளி நூலை முள்ளிற் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் மெழுகுநிற இறகுகள் இரண்டை அதனோடு கட்டி நீரில் விடுகிறார்கள் என்கிறார் ஏலியன். உண்மையான ஈ உதவாத இடத்திற் பொய்யான ஈ உதவியது!

இங்கிலாந்திலே 1496ஆம் ஆண்டில் அச்சான தூண்டில் நூலொன்று பன்னிரண்டு ஈக்களை மாத வரிசையிற் கூறுகிறது. எந்த மாதத்தில் எந்தப் பூச்சி நீரின்மேற் பறக்குமோ அந்த மாதத்துக்கு அதனையொத்த ஈ என்பது அதன் ஏற்பாடு. இந்நூலை ஜூலியானா பேர்னர்ஸ் என்னும் கன்னியாஸ்திரீ இயற்றினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அதற்கு உறுதியான சான்று இல்லை. யார் எழுதியிருப்பினும், பருவத்தையும் பூச்சியையும் பார்த்தே ஈயைத் தெரிவு செய்ய வேண்டும் என்னும் விதி ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே வகுக்கப்பட்டுவிட்டது.

ஒருநாள் வாழ்வு

மழை பெய்து ஓய்ந்த மாலையில் நமது வீடுகளின் விளக்கைச் சுற்றி ஈசல் மொய்ப்பதை யாவரும் அறிவர். அன்று பல்லிக்கும் தவளைக்கும் காக்கைக்கும் விருந்து. மறுநாட் காலையில் முற்றமெங்கும் உதிர்ந்த சிறகுகளே மிஞ்சிக் கிடக்கும். இங்கிலாந்தின் ஆறுகளிலும் இதனையொத்த விருந்தொன்று நடைபெறுகிறது. அங்கே அதனை நடத்துவது ‘மே ஈ’ என்னும் பூச்சியினம்.

மே ஈயின் வாழ்வு நீருக்குள்ளேயே ஆரம்பமாகிறது. முட்டையிலிருந்து வெளிவந்த இளம்பூச்சி ஆற்றின் அடியிலே, கல்லுக்கடியிலும் சேற்றினுள்ளும், சில இனங்களில் ஓராண்டும் சிலவற்றில் இரண்டாண்டும் வாழும். பின்னர் ஒருநாள் நீர்மட்டத்துக்கு எழுந்து, தோலை உரித்து, சிறகு விரித்து, சிறிது நேரம் நீரின்மேற் படகுபோல மிதந்து, கரையோரச் செடிக்குப் பறந்து செல்லும். அங்கே மீண்டும் ஒருமுறை தோலுரித்துப் பளிங்குபோன்ற சிறகுகளைப் பெறும். சிறகு முளைத்த பின்னரும் ஒருமுறை தோலுரிக்கும் பூச்சியினம் உலகில் இதுவொன்றே. இந்நிலையில் அதற்கு உண்ணும் வாயுமில்லை. இணைசேர்ந்து, முட்டையை நீரிலிட்டு, ஒருநாளில், அல்லது இரண்டொரு நாளில், சிறகுகளை விரித்தபடியே நீரின்மேல் விழுந்து மடிகின்றது.

ஆகவே ஒரே பூச்சி மீனுக்கு நான்கு உருவங்களிற் காட்சியளிக்கிறது. அடியில் ஊரும் இளம்பூச்சி, மேலெழும் பூச்சி, மிதக்கும் பூச்சி, மடிந்து கிடக்கும் பூச்சி என்பன அவை. மீன் ஒரு வேளையில் இவற்றுள் ஒன்றையே பொறுக்கித் தின்னும் இயல்புடையது. மேலெழும் பூச்சியைத் தின்றுகொண்டிருக்கும்போது, மிதக்கும் பூச்சியையொத்த ஈ எத்துணை அழகாயிருப்பினும் அது பொருட்படுத்தாது. சோற்றுக்குக் குழம்பு கேட்பவனுக்குப் பாயசத்தை நீட்டினாற்போலாகும்.

இந்நுட்பத்தை அறிந்தவர் ஆற்றங்கரைக்கு வந்ததும் கோலை எடுப்பதில்லை. கரையோரத்துக் கல்லொன்றைப் புரட்டி, அதன் அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளைப் பார்ப்பார். பாலத்தின் கைப்பிடியிற் சிலந்தி கட்டிய வலையை நோக்குவார். முதல்நாள் மாலையிற் பறந்த பூச்சிகள் யாவை என்பதைச் சிலந்தி அங்கே கணக்கெழுதி வைத்திருக்கும். பின்னர் மீன் இரையெடுக்கும் விதத்தைக் கவனிப்பார். மூக்கு நீருக்கு மேலே தெரிந்து, எழும் வட்டத்தின் நடுவே குமிழியொன்று தோன்றுமாயின், மீன் மிதக்கும் பூச்சியைத் தின்கிறது. முதுகு மட்டும் தெரிந்து மறையுமாயின், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழேயுள்ளதைத் தின்கிறது. இவ்வளவும் பார்த்து முடித்த பின்னரே அவர் பெட்டியைத் திறப்பார். கொக்கின் பொறுமையை நமது முன்னோர் வியந்ததன் காரணம் இவரைப் பார்த்தாலும் விளங்கும்.

மிதப்பதா, அமிழ்வதா?

ஈயைத் தெரிவு செய்யும் விடயத்திலே ஆங்கிலேயரிடையே ஒருகாற் பெரும் வழக்கே நடந்தது. வேடிக்கைபோலத் தோன்றினும், அதனால் மனம் நொந்தவர்கள் உண்டு.

தென் இங்கிலாந்திலே ஹம்ஷயர் மாநிலத்தில் ரெஸ்ற், இச்சின் என இரண்டு ஆறுகள் ஓடுகின்றன. வெண்சுண்ணப் பாறையிலிருந்து ஊறிவரும் இவற்றின் நீர் பளிங்குபோலத் தெளிந்தது. கோடையிலும் மாரியிலும் அதன் குளிர்ச்சி பெரிதும் மாறாது. இத்தகைய ஆறுகள் உலகிலே மிகச் சிலவே; அவற்றிலும் பெரும்பாலானவை இங்கிலாந்திலேயே உள்ளன. இங்கே நின்று ஆராய்ந்த பிரெடெரிக் ஹல்போர்ட் என்பவர், 1886இல் மிதக்கும் ஈக்களைக் கட்டும் முறைபற்றி நூலொன்றை வெளியிட்டார். மீன் இரையெடுப்பதைக் கண்ணாற் கண்டு, அது தின்னும் பூச்சியை அறிந்து, அதனைப் போன்ற ஈயை அம்மீனுக்கு மேலே மிதக்கவிடுவதே உயர்ந்த முறை என்பது அவர் கொள்கை. காலப்போக்கில் அவருடைய மாணாக்கர் இதனை ஒரு மதம்போலவே ஆக்கிவிட்டனர். ஈயை நீருக்குள் அமிழவிடுவது கனவானுக்கு அடாத செயல் என்று கூறுமளவுக்கு நிலைமை வளர்ந்தது.

இலண்டனில் வழக்கறிஞராய் இருந்த ஸ்கியூஸ் என்பவர் இதனை ஏற்கவில்லை. தாம் பிடித்த மீன்களின் இரைப்பையில் இருந்தவற்றை நீண்டு ஒடுங்கிய கரண்டியால் எடுத்து, வெண்ணிறக் கிண்ணத்து நீரிற் பரப்பி ஆராய்ந்தார். சிறகு முளையாத இளம்பூச்சிகளே அங்கு மிகுதியாகக் காணப்பட்டன. மீன் நீருக்குள்ளே தின்னும்போது நாம் மேலே மிதக்கவிட்டுக் காத்திருப்பது ஏன் என்பதே அவர் கேள்வி. 1910இல் வெளிவந்த அவரது நூல் இக்கேள்வியை எழுப்பியது. 1938இலே இலண்டனிலுள்ள ஈத்தூண்டிலாளர் கழகத்தில் இதுபற்றி ஒரு விவாதம் நடைபெற்றது. எண்பது வயதை நெருங்கிய ஸ்கியூஸ் தமது கட்சியைத் தாமே எடுத்துரைத்தார். பெரும்பான்மையோர் அவருக்கு மாறாகவே நின்றனர். அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தாம் தூண்டிலிட்ட இச்சின் ஆற்றுத் துறையை அவர் அவ்வாண்டிலேயே விட்டு நீங்கினார்.

காலம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஏவன் ஆற்றின் காவலராகப் பணிபுரிந்த பிராங்க் சோயர் என்பவர், நூலே பயன்படுத்தாமல், மெல்லிய செப்புக் கம்பியாலும் பெசன்ற் என்னும் பறவையின் வாலிறகாலும் இளம்பூச்சி வடிவான ஈயொன்றைக் கட்டினார். கம்பியின் கனத்தால் அது விரைவில் அமிழும். செப்பின் நிறம் இறகினூடே மின்னும். 1958இல் அவரது நூல் வெளிவந்தது. இன்று ஈத்தூண்டில் வழங்கும் நாடுகளில் இந்த ஈ இல்லாத பெட்டியைக் காண்பதரிது. ஹல்போர்ட், ஸ்கியூஸ் இருவரும் பிணங்கினாலும், மீன் தின்பதை முதலிற் பார் என்னும் அடிப்படையில் இருவரும் ஒன்றுபட்டவர்களே. ஒருவர் மேலே பார்த்தார். மற்றவர் உள்ளேயும் பார்த்தார்.

தெரிவு செய்யும் முறை

ஈயைத் தெரிவு செய்யும்போது முதலாவதாகக் கவனிக்க வேண்டியது அளவு, இரண்டாவது உருவம், மூன்றாவதே நிறம். நம்மிற் பெரும்பாலோர் இவ்வரிசையைத் தலைகீழாக்கி நிறத்திலிருந்து தொடங்குகிறோம்.

முள்ளின் அளவு இலக்கத்தாற் குறிக்கப்படும். இலக்கம் கூடக்கூட முள் சிறியதாகும் என்பதைப் புதியவர் மறக்கலாகாது. பெரிய மே ஈக்குப் பத்தாம் அல்லது பன்னிரண்டாம் இலக்க முள் பொருந்தும். ஆற்றிலே சாதாரணமாகக் காணப்படும் சிறு பூச்சிகளுக்குப் பதினான்கும் பதினாறும் ஏற்றவை. கொசுவையொத்த நுண்பூச்சிகளுக்கு இருபதும் அதற்கு மேலும் வேண்டும். ஐயமுற்றால் ஓரளவு சிறியதையே கட்டுக என்பது அனுபவசாலிகள் கூறும் புத்தி.

நிறத்துக்கு மூன்றாமிடம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. நீருக்குள் நிற்கும் மீன் வெளியுலகை முழுவதும் காண்பதில்லை. ஒளி நீரினுள் வளைந்து புகுவதால், மீனின் தலைக்கு நேர்மேலே வட்டமான சாளரமொன்று அமைகிறது. அச்சாளரத்துக்குள்ளேதான் வானமும் மரமும் மனிதனும் அதற்குத் தெரிகின்றன. மீன் ஓரடி ஆழத்தில் நின்றால் அவ்வட்டத்தின் குறுக்களவு ஏறக்குறைய இரண்டேகால் அடி. அதற்கு அப்பால் நீர்மட்டம் கண்ணாடிபோல அடிநிலத்தையே பிரதிபலித்துக் காட்டும். ஆகவே மிதந்துவரும் ஈயின் கால்கள் நீர்மட்டத்தை அமுக்கும் சிறு பள்ளங்களே மீனுக்கு முதலிற் புலப்படுகின்றன. பின்னர் சிறகின் நுனி. இறுதியாகவே முழு உருவம். அப்போதும் அது காண்பது வயிற்றுப்புறத்தை, பெரும்பாலும் வான வெளிச்சத்துக்கு எதிரே நிழலுருவாக. கடையில் மேலிருந்து பார்த்து நாம் மயங்கிய முதுகு நிறம் மீனுக்கு அரிதாகவே தெரியும்!

இனி, வாங்கும் ஈயின் தரத்தைச் சோதிக்கும் வழிகளைக் கூறுவோம்.

மிதக்கும் ஈக்குச் சேவலின் விறைத்த கழுத்திறகு வேண்டும். ஈயை உதட்டில் மெல்லத் தொட்டுப் பார்த்தால் இழைகள் குத்த வேண்டும். பஞ்சுபோலப் படிந்தால் அது நீரை உறிஞ்சி விரைவில் அமிழும். அமிழும் ஈக்கோ இதற்கு நேர்மாறான குணம் வேண்டும். பேட்டுக் கோழியின் அல்லது கவுதாரியின் மெல்லிறகே அதற்குச் சிறந்தது. நீரோட்டத்தில் அவ்விறகு அசைந்து, உயிருள்ள பூச்சியின் கால்போலத் தோன்றும்.

இறகைச் சுற்றியிருக்கும் இடத்தை நகத்தால் மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். சுழன்றால் கட்டு இளக்கம். ஈயின் தலைப்பாகத்திற் பூசிய வார்னிஷ், தங்கூசி கோக்கும் துவாரத்தை அடைத்திருக்கக்கூடாது. மாலைக் கருக்கலில் அத்துவாரத்தைக் குத்தித் திறக்க முயல்பவரின் அவதி சொல்லுந்தரமன்று. முள் மிக மெதுவான இரும்பாயின் பெரிய மீன் இழுக்கும்போது நிமிர்ந்துவிடும். மிகக் கடினமாயின் முறிந்துவிடும். அழகிய சிறகுகளை மலிந்த முள்ளிற் கட்டி விற்பவர்களும் உளர். ஆதலால் இறகைப் பார்க்குமுன் முள்ளைப் பார்ப்பது நன்று.

ஆரம்பத்தில் நூறு ஈக்கள் தேவையில்லை. எந்தப் பூச்சியையும் சரியாக ஒவ்வாமல் எல்லாப் பூச்சிகளையும் சிறிது ஒத்திருக்கும் ஈக்கள் சில உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் லெனாட் ஹலடே என்பவர் 1922இற் கட்டி, தமது நண்பரின் பெயரால் அடம்ஸ் என்று அழைத்த சாம்பல்நிற ஈ அத்தகையது. அதனோடு சோயரின் வாலிறகு ஈ, முயலின் காதுப்புற உரோமத்தாற் கட்டும் ஈ, கருநிறச் சிறு ஈ, பெரிய மே ஈ ஆகிய ஐந்து வகைகளை இரண்டு மூன்று அளவுகளில் வைத்திருப்பவர் பெரும்பாலான நாட்களில் வெறுங்கையோடு நிற்கமாட்டார். ஒவ்வோர் ஈயிலும் இரண்டுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். மீன் விரும்பும் ஈ மரக்கிளையிற் சிக்கிப் போவது தூண்டிலாளர் யாவருக்கும் நேர்வதே.

பேணும் முறை

நல்ல ஈயைத் தேடி வாங்குபவர் பலர். அதனைப் பேணுபவர் சிலர். ஈயினைக் கெடுக்கும் பகை மூன்று. ஈரம் ஒன்று, அமுக்கம் ஒன்று, அந்துப்பூச்சி ஒன்று.

மீனொன்று அகப்பட்டபின் ஈயிலே அதன் வழுவழுப்பு ஒட்டிக்கொள்ளும். முதலில் அதனை ஓடும் நீரில் அலசுக. பின்னர் உலர்ந்த துணியில் வைத்து ஒற்றுக. முற்காலத்து ஆங்கிலேயர் இதற்கு மரத்தில் வளரும் ஒருவகைக் காளானைப் பதப்படுத்தி வைத்திருந்தனர்; அமடு என்னும் அப்பொருள் ஈரத்தை உடனே உறிஞ்சிவிடும். சிலர் இன்றும் அதனை விரும்புவர். வேறு சிலர் ஈரம் உறிஞ்சும் சிலிக்காத் தூள் அடங்கிய சிறு போத்தலில் ஈயைப் போட்டுக் குலுக்கி எடுக்கின்றனர். மிதப்பதற்கான நெய்யைத் தடவுவதாயின், ஈ நன்றாக உலர்ந்திருக்கும்போதே, மிகச் சிறிதளவாக, விரல் நுனியாற் பூசுக. ஈரமான ஈயில் நெய் தடவுவது ஈரத்தை உள்ளே பூட்டிவைப்பதாகும்.

இங்கே ஒரு விலக்கு உண்டு. வாத்தின் வால்மேலுள்ள எண்ணெய்ச் சுரப்பியைச் சுற்றி வளரும் மென்மையான இறகினால் கட்டப்படும் ஈக்களுக்குச் சாதாரண நெய் ஆகாது. அவ்விறகின் நுண்ணிழைகள் காற்றைப் பிடித்துவைத்தே மிதக்கின்றன. நெய் பட்டதும் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் காற்று வெளியேறிவிடும். அவற்றுக்குத் தூளே போதும்.

ஈரமான ஈயை நேரே பெட்டியில் அடைப்பதே யாவற்றிலும் பெரிய குற்றம். ஒரு முள் துருப்பிடித்தால் அத்துரு அயலிலுள்ள ஈக்களையும் கறைப்படுத்தும். அதிலும் துரு முதலில் அரிப்பது மெல்லிய முள்நுனியையே. மேலே இறகு புதிதுபோல இருக்கும். கீழே நுனி மழுங்கியிருக்கும். ஆண்டு முழுவதும் காத்திருந்த மீன் வந்து கவ்வும் கணத்திலேதான் அக்குறை தெரியவரும். எனவே ஆற்றங்கரையிலே பயன்படுத்திய ஈக்களை மேற்சட்டையிற் குத்திய ஆட்டுத்தோல் துண்டிற் செருகி உலரவிடுதலும், வீடு வந்ததும் பெட்டியைத் திறந்து ஓரிரவு காற்றாட வைத்தலும் நல்ல பழக்கங்கள். கடலோரத்திற் பயன்படுத்திய ஈயை நன்னீரிற் கழுவாமல் வைக்கவே கூடாது.

முள்நுனியின் கூரை அறிவதற்கு எளிய வழி, அதனைப் பெருவிரல் நகத்தின்மேல் மெல்ல இழுப்பது. நகத்திற் பற்றினால் கூர் உண்டு. வழுக்கினால் சிறு சாணைக்கல்லாற் தீட்டுக. தீட்டியும் பயனில்லையேல் எறிந்துவிடுக. எறியுமுன் நுனியை முறித்துவிடுவது, குப்பையைக் கையாளுபவருக்குச் செய்யும் உதவியாகும்.

பெட்டியில் நெருக்கி அடுக்கியதால் இறகு நசுங்கிவிட்டதா? கவலை வேண்டாம். கேத்தலிலே நீர் கொதிக்கும்போது, ஈயைச் சிறு குறட்டாற் பிடித்து, ஆவியிற் சில விநாடி காட்டுக. நசுங்கிய இழைகள் பூ மலர்வதுபோல நிமிர்ந்தெழும். விரலாற் பிடிக்கலாகாது; ஆவி சுட்டுவிடும். சிறுவர்கள் இதனைப் பெரியோர் முன்னிலையிலன்றிச் செய்யவேண்டாம்.

மூன்றாவது பகை அந்துப்பூச்சி. இறகும் உரோமமும் பட்டும் அதற்கு அறுசுவை உண்டி. கூறைச் சேலையைப் பேழையில் வைத்துக் காக்கும் நமது பெண்களுக்கு இதனைக் கூறித் தெரிவிக்க வேண்டியதில்லை. நன்றாக மூடும் பெட்டியும் இடையிடையே திறந்து பார்க்கும் வழக்கமுமே சிறந்த காவல். புழு அரித்ததென்று ஐயமுற்ற இறகுகளைக் காற்றுப் புகாத பையிலிட்டுக் குளிர்ப்பெட்டியின் உறைபகுதியிற் சில நாட்கள் வைப்பதும் இன்றைய வழக்கம். நேர் வெயிலும் ஆகாது, சாயம் வெளிறிவிடும்.

மீனின் நலத்தையும் இங்கே கருதவேண்டும். பிடித்த மீனை மீண்டும் நீரில் விடுபவர், முள்நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டிநிற்கும் சிறு கூரைக் குறட்டால் அமுக்கிவிடுவர். அப்போது முள் எளிதில் கழலும். மீனின் வாய் கிழியாது. தூண்டிலாளரின் காதிலோ விரலிலோ முள் ஏறினாலும் இதே நன்மை உண்டு! கண்ணுக்குக் கண்ணாடியும் தலைக்குத் தொப்பியும் அணியாமல் ஈயை வீசப் பழகுவது ஆபத்தானது.

புறோராவின் பெண்மணி

ஈ கட்டுங் கலைக்குப் புகழ் தந்தவர்களுள் மேகன் பொய்ட் என்னும் பெண்மணியை விடல் இயலாது. 1915இற் பிறந்த இவர் ஸ்கொத்லாந்தின் வடகோடியிலே புறோரா என்னும் ஊரருகே சிறு குடிலொன்றில் வாழ்ந்தார். சிறுமியாயிருந்தபோது வேட்டைக்காவலர் ஒருவரிடம் பழைய ஈக்களைப் பிரித்து மீண்டும் கட்டிப் பழகினார். சமன் மீனுக்காக அவர் கட்டிய ஈக்களைத் தேடி உலகின் பல பாகங்களிலிருந்தும் கடிதங்கள் வந்தன. இன்றைய மன்னர் சாள்ஸ் இளவரசராயிருந்தபோது அவரிடம் ஈ வாங்கியவர். ஆயினும் இவ்வம்மையார் தாம் ஒருபோதும் மீன் பிடித்தாரில்லை. மீனைக் கொல்ல மனமில்லை என்பார். 1971இல் அவருக்கு அரச விருது அறிவிக்கப்பட்டபோது, அன்று தமது நாயைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று கூறி அரண்மனைக்குப் போகவில்லை. நாள்தோறும் மணிக்கணக்காக நுண்ணிழைகளை நோக்கியதால் முதுமையில் அவர் பார்வை மங்கியது. 2001இற் காலமானார். ஒரு சிறு ஈயைக் கையில் எடுக்கும்போது, அதன்பின்னே ஒருவருடைய கண்ணும் கையும் உழைத்திருப்பதை நினைந்தால், அதனை ஈரத்தோடு பெட்டியில் எறிய மனம் வராது.

இறகின் விலை

மனிதர் உழைப்போடு பறவையின் உயிரும் இதில் அடங்கியிருக்கிறது. நீலகிரி முதலிய தென்னிந்திய மலைக்காடுகளிலே சாம்பல்நிறக் காட்டுக்கோழி வாழ்கிறது. அதன் சேவலின் கழுத்திறகிலே, மெழுகை உருக்கிச் சொட்டுவைத்தாற்போன்ற வெண்மையும் மஞ்சளுமான பளபளப்புப் புள்ளிகள் உண்டு. சமன் மீனுக்கான ஈயின் இரு பக்கத்திலும் கண்போல வைத்துக் கட்டுவதற்கு இவ்விறகுக்கு இணையில்லையென்று ஆங்கிலேயர் கண்டனர். விளைவு, அப்பறவைகள் பெருந்தொகையாகப் பிடிக்கப்பட்டு அவற்றின் கழுத்துத் தோல்கள் கடல்கடந்து சென்றன. இந்தியாவில் இன்று இப்பறவையை வேட்டையாடுவதும் இறகை ஏற்றுமதி செய்வதும் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளன. மேனாட்டிலே கூட்டில் வளர்க்கப்பட்ட பறவைகளின் இறகும் போலி இறகும் பயன்படுகின்றன. நமது தேசியப் பறவையாகிய இலங்கைக் காட்டுக்கோழி இதன் இனமேயாயினும், அதன் கழுத்திறகில் இப்புள்ளிகள் இல்லை. அழகில் ஒரு குறை அதற்குக் காப்பாயிற்று.

இறகின்மேல் மனிதர் கொண்ட ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2009ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று சான்று. இங்கிலாந்தின் ட்றிங் நகரிலுள்ள இயற்கை வரலாற்று நூதனசாலையில் இசை பயிலும் இளைஞரொருவர் இரவிற் புகுந்து 299 பறவைத் தோல்களைத் திருடினார். பழங்காலத்துச் சமன் ஈக்களைக் கட்டுவதற்கான அரிய இறகுகளுக்காகவே இச்செயல். அவற்றுட் சில, அல்பிரட் றசல் வலஸ் என்னும் பேரறிஞர் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் கீழ்த்திசைத் தீவுகளில் அரும்பாடுபட்டுச் சேகரித்தவை. கையகப்பட்டவை பலவற்றிற் பெயர்ச்சீட்டு அறுக்கப்பட்டிருந்தமையால், அவை ஆராய்ச்சிக்கு உதவாதவையாயின. அந்த ஈக்களோ பெரும்பாலும் கண்ணாடிப் பெட்டியில் வைக்கக் கட்டப்படுவன, நீரைக் காணாதவை.

இதற்கு மாறாக நகைப்புக்கிடமான செய்தியும் உண்டு. 2011இல் அமெரிக்கப் பெண்களிடையே கூந்தலில் நீண்ட சேவலிறகைச் செருகும் நாகரிகம் பரவியது. ஈ கட்டுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட சேவல்களின் இறகு முழுவதையும் சிகையலங்காரக் கடைகள் வாங்கிக்கொண்டன. விலை பன்மடங்கு ஏறியது. தூண்டிலாளர் திகைத்து நின்றனர்!

ஆறும் ஈயும்

நமது நாட்டிலும் ஈத்தூண்டிலுக்கு ஒரு சிறு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே நுவரெலியாப் பகுதிக்கு ஆங்கிலேயர் ட்றவுட் மீனைக் கொண்டுவந்தனர். வானவில் ட்றவுட் என்னும் இனம் ஹோட்டன் சமவெளி ஓடைகளில் நிலைபெற்றது. 1988இல் அச்சமவெளி தேசியப் பூங்காவாயிற்று. அயலிலிருந்து வந்த இம்மீன், அங்கு இயற்கையாக வாழும் சிற்றிறால் முதலிய உயிர்களைத் தின்பது இன்றைய ஆராய்ச்சியாளரின் கவலைகளுள் ஒன்று. ஓர் உயிரை ஓரிடத்தில் விடுமுன் அங்கே யார் யாரை உண்டு வாழ்கிறார் என்று பார்க்கவேண்டும் என்பதை இதனாலும் அறிகிறோம்.

இங்கிலாந்திலே கல்லைப் புரட்டிப் பூச்சியைப் பார்க்கும் பழக்கம் இன்று வேறொரு பயனையும் தருகிறது. வயலிலிருந்து வழிந்தோடும் மண்ணும் உரமும் கழிவுநீரும் ஆற்றிற் சேரும்போது, முதலில் மறைவன மே ஈயின் முட்டைகளும் இளம்பூச்சிகளுமே. நீர் கண்ணுக்குத் தெளிவாகவே இருக்கும். கல்லுக்கடியில் உயிர் இராது. தொண்டர்களாகப் பயிற்சி பெற்ற தூண்டிலாளர் பலர் மாதந்தோறும் குறித்த இடத்தில் வலையிட்டுப் பூச்சிகளை எண்ணுகின்றனர். எண்ணிக்கை குறித்த அளவுக்குக் கீழே விழுந்தால் அதிகாரிகளுக்கு அறிவிக்கின்றனர். ஆற்றின் நோயை மருத்துவருக்கு முன்னரே நாடி பிடித்துச் சொல்பவர்கள் இவர்களே.

ஈ இல்லாத ஆற்றிற் செயற்கை ஈக்கு வேலையில்லை. பொய்யான ஈயைச் சரியாகத் தெரிவு செய்ய விரும்புகிறவன் மெய்யான ஈயை அறிய வேண்டியவனாகிறான். அறிந்தவன் அது வாழும் நீரைக் காக்க வேண்டியவனாகிறான். மாணவர்கள் இதற்கு இங்கிலாந்துக்குப் போகவேண்டியதில்லை, தூண்டிலும் வேண்டியதில்லை. அடுத்த விடுமுறையில் ஊரிலுள்ள ஓடைக்குப் பெரியோரோடு சென்று, ஆழமற்ற இடத்திலே கல்லொன்றை மெல்லப் புரட்டி, அதன் அடியிலே யார் குடியிருக்கிறார் என்று பார்க்கட்டும். பார்த்த பின்னர், கல்லை இருந்தபடியே திருப்பி வைக்க மறவாதிருக்கட்டும்.